பின்னணி இசை எப்படி உருவாகிறது? பெர்னார்டு ஹெர்மன் வழியே ஓர் அறிமுகம்

இரண்டரை மணி நேரம் ஓடும் ஒரு படத்தில் ஐந்து பாடல்கள் இருந்தால், அவை எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் அரை மணி நேரத்தைக்கூட எட்டுவதில்லை. மீதமுள்ள இரண்டு மணி நேரத்தில், கதாபாத்திரங்கள் பேசும்போதும் பேசாமல் நிற்கும்போதும், ஒருவர் கதவைத் திறக்கும்போதும், கடிதம் ஒன்றைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்காரும்போதும் இசை வந்து வந்து போகிறது. திரையரங்கை விட்டு வெளியே வரும்போது நாம் பாடல்களை முணுமுணுக்கிறோம். அந்த மற்ற இசையைப் பற்றி யாராவது கேட்டால், ‘ஆர்.ஆர். (ரீ-ரெக்கார்டிங், அதாவது பின்னணி இசை) நன்றாக இருந்தது’ என்பதற்கு மேல் சொல்ல வழி தெரியாமல் நிற்கிறோம். அந்த மற்ற இசை யாரால், எந்த வரிசையில், என்னென்ன முடிவுகளின் விளைவாக உருவாகிறது என்பதைப் புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பாடல் அமைப்பதும் பின்னணி இசை அமைப்பதும் ஒரே மனிதர் செய்தாலும் இரண்டு வெவ்வேறு வேலைகள். 2009ஆம் ஆண்டுப் படங்களுக்கான இந்திய தேசிய விருதுகளில் பாடல்களுக்கு ஒரு விருதும், பின்னணி இசைக்கு ஒரு விருதும் தனித்தனியே வழங்கப்பட்டன; பின்னணி இசைக்கான விருதை ‘பழசிராஜா’ என்ற மலையாளப் படத்துக்காக இளையராஜா பெற்றார். பாடலில் இசையமைப்பாளர் நேரத்தின் எஜமானர்: பல்லவி எவ்வளவு நீளம், சரணத்துக்கு முன் எவ்வளவு இடையிசை என்பதை அவரே தீர்மானிக்கிறார், படம் அதற்கேற்பப் பிடிக்கப்படுகிறது. பின்னணி இசையில் நிலைமை தலைகீழ். காட்சி ஏற்கெனவே படமாக்கப்பட்டு, வெட்டி ஒட்டி முடிக்கப்பட்டிருக்கும். நாற்பத்து மூன்று வினாடி என்றால் நாற்பத்து மூன்று வினாடிதான். அந்த அளவுக்குள், பேசப்படும் வசனத்தை மறைக்காமல், காட்சி சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

இதைப் பெரும்பாலும் பாடல்கள் இல்லாத ஒரு திரைமரபிலிருந்து விளக்குவது எளிது என்பதால், அமெரிக்க இசையமைப்பாளர் பெர்னார்டு ஹெர்மனின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். 1941இல் தன் முதல் படத்துக்கு இசையமைத்து, 1975 டிசம்பரில் கடைசிப் படத்தின் ஒலிப்பதிவு முடிந்த சில மணி நேரங்களில் இறந்துபோனவர் அவர். வானொலி, சினிமா, தொலைக்காட்சி ஆகிய மூன்றிலும் வேலை செய்தவர். பின்னணி இசையில் எடுக்க வேண்டிய முடிவுகள் எவை என்பது அவருடைய வேலையில் மிகத் தெளிவாகத் தெரியும்; அவர் அந்த முடிவுகளை அவ்வளவு துணிச்சலாக எடுத்தார்.

ஹெர்மன் 1911 ஜூன் 29 அன்று நியூயார்க்கில், ரஷ்யாவிலிருந்து வந்த யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். நியூயார்க் பல்கலைக்கழகத்திலும் ஜூலியார்டு இசைப் பள்ளியிலும் பயின்றார். இருபது வயதைத் தாண்டிய சில ஆண்டுகளிலேயே சிபிஎஸ் வானொலி நிறுவனத்தில் சேர்ந்து, பிறகு அதன் சிம்பொனி இசைக்குழுவின் தலைமை நடத்துநர் ஆனார். சிபிஎஸ்ஸில்தான் ஆர்சன் வெல்ஸ் என்ற இளம் நாடகக்காரரோடு அவர் சேர்ந்தார். 1938இல் வெல்ஸின் வானொலி நாடகங்களுக்கு வாராவாரம் இசை நடத்தினார்.

வானொலி நாடகம் அவருக்குக் கற்றுத் தந்த பாடம் முக்கியமானது. கேட்பவருக்குத் திரையும் இல்லை, அரங்கமும் இல்லை. ஒரு காட்சி முடிந்து அடுத்த காட்சி தொடங்குகிறது என்பதை, இடம் மாறுகிறது, இரவு விடிந்துவிட்டது என்பதையெல்லாம், சில வினாடி இசைதான் அறிவிக்க வேண்டும். ஐந்து வினாடிக்குள் ஒரு மனநிலையை நிறுவிவிட்டு விலகிக்கொள்ளும் அந்தப் பழக்கத்தோடுதான் ஹெர்மன் ஹாலிவுட்டுக்குப் போனார். அங்கே அப்போது படம் முழுவதும் வெள்ளமாக ஓடும் பெரிய சிம்பொனி பாணி இசையே வழக்கமாக இருந்தது.

வெல்ஸ் தன் முதல் படமான ‘சிட்டிசன் கேன்’ படத்துக்கு ஹெர்மனையே அழைத்துக்கொண்டார். அன்றைய ஹாலிவுட்டில் முழுப் படத்துக்கும் பின்னணி இசை எழுத இரண்டு மூன்று வாரங்களே கிடைப்பது வழக்கம். அவருக்குப் பன்னிரண்டு வாரங்கள் கிடைத்தன. படம் எடுக்கப்பட்டு, வெட்டப்பட்டு வரவர, ரீல் ரீலாக அவர் இசை எழுதினார். இதனால் இன்னொரு வாய்ப்பும் கிடைத்தது: சில இடங்களில் இசை முதலில் எழுதப்பட்டு, அதற்கேற்பக் காட்சி வெட்டப்பட்டது. காலை உணவு மேசையில் ஒரு தம்பதியின் மணவாழ்க்கை சில நிமிடங்களில் குலைந்துபோவதைக் காட்டும் புகழ்பெற்ற பகுதி அப்படி உருவானதுதான். முதல் காட்சியில் கணவனும் மனைவியும் நெருக்கமாகக் கொஞ்சிப் பேசுகிறார்கள்; இசை மென்மையான ஒரு வால்ட்ஸ் நடனத் தாளத்தில் இருக்கிறது. அடுத்தடுத்த துண்டுக் காட்சிகளில் ஆண்டுகள் கடக்கின்றன, உடைகள் மாறுகின்றன, பேச்சு சுருங்குகிறது. அதே வால்ட்ஸ் ஒவ்வொரு முறையும் சற்று விரைவாக, சற்றுக் கூர்மையாக, சற்றுக் குளிர்ந்து திரும்பி வருகிறது. கடைசியில் இருவரும் பேசாமல் மேசையின் இரு முனைகளில் செய்தித்தாள் படிக்கும்போது, அந்த வால்ட்ஸின் எலும்புக்கூடு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. ஒரே மெட்டை எடுத்துக்கொண்டு அதைப் படிப்படியாக மாற்றிக்கொண்டே போவது மேற்கத்திய இசையில் நெடுங்காலமாக உள்ள முறைதான். அதைக் கதை சொல்லும் கருவியாக அவர் மாற்றிய விதம்தான் புதியது.

அதே படத்தில் வேறொரு முடிவையும் பார்க்க வேண்டும். படத்தில் வரும் ஒரு பாடகி, தன்னால் தாங்க முடியாத ஓர் ஓபராவில் (பாடியே நடிக்கும் மேற்கத்திய இசை நாடகத்தில்) மேடையேற்றப்படுகிறாள். அந்த ஓபராவின் பகுதியை ஹெர்மனே புதிதாக எழுதினார். பாடகிக்குக் குரலே இல்லை என்று காட்டுவது எளிது; அபஸ்வரமாகப் பாட வைத்தால் போதும், பார்வையாளர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஹெர்மன் அப்படிச் செய்யவில்லை. இனிமையான, ஆனால் மெல்லிய குரல் கொண்ட ஓர் இளம் பாடகியைத் தேர்ந்து, அந்தக் குரலுக்கு மிக உயர்ந்த ஸ்தாயியில் வரிகளை எழுதி, அடியில் கனமான ஆர்கெஸ்ட்ராவை ஓடவிட்டார். ஆகவே நாம் கேட்பது திறமையில்லாத ஒருத்தியை அல்ல. தன் சக்திக்கு மீறிய ஒன்றில் மூழ்கிக்கொண்டிருக்கும் ஒருத்தியை. அவள் மீது நமக்கு இரக்கம் வருகிறது. அந்த இரக்கம் நடிப்பிலிருந்து மட்டும் வருவதல்ல, ஸ்தாயித் தேர்விலிருந்தும் வருகிறது.

கதைக்குள்ளிருக்கும் மனிதர்களுக்கும் கேட்கும் இசை, அவர்களுக்குக் கேட்காமல் நமக்கு மட்டுமே கேட்கும் இசை என்று இரண்டு வகை உண்டு. மேடை ஓபராவும், தேநீர்க் கடை வானொலியில் ஒலிக்கும் பாட்டும் முதல் வகை. காலை உணவு மேசையின் வால்ட்ஸ் இரண்டாம் வகை. இரண்டையும் திட்டமிடுவது இசையமைப்பாளரின் பொறுப்பு. ஹெர்மனின் இரண்டு வருங்காலப் பழக்கங்களும் இந்த முதல் படத்திலேயே இருக்கின்றன. ஒன்று, சில ஸ்வரங்களே கொண்ட சிறு தொடர்களைக் கதையின் கருத்துகளோடு கட்டிவிடுவது: நாயகனின் அதிகாரத்துக்கு ஒன்று, அவன் சாகும்போது சொன்ன சொல்லுக்கு ஒன்று. அந்தச் சொல்லின் பொருளைப் படம் கடைசியில்தான் காட்டுகிறது, இசையோ அவனுடைய பனி சூழ்ந்த சிறுவயதுக் காட்சியிலேயே அதைச் சுட்டிக்காட்டிவிடுகிறது. மற்றொன்று, காட்சிக்குக் காட்சி வேறு வேறு கருவிக் கூட்டங்களைப் பயன்படுத்துவது.

வேலை நடக்கும் வரிசையை இங்கே சொல்லிவிடலாம். முதலில் இயக்குநரும் இசையமைப்பாளரும் படத்தொகுப்பாளரும் உட்கார்ந்து படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். எங்கே இசை தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்வதே அந்த அமர்வின் நோக்கம். என் பார்வையில் பின்னணி இசையின் பாதி வெற்றி ஒரு ஸ்வரம்கூட எழுதப்படாத அந்த அறையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஒருவன் பொய் சொல்லும் காட்சியில், அவன் வாய் திறப்பதற்கு முன் இசை தொடங்கினால் நாம் அவனைச் சந்தேகிக்கிறோம். பொய்யைச் சொல்லி முடித்த பின் தொடங்கினால் அவனுக்காக வருந்துகிறோம். இசையே இல்லையென்றால் நம்பிவிடுகிறோம். இசைத் துண்டுகளுக்கு ரீல் வாரியாக எண் கொடுப்பார்கள்; ‘3எம்2’ என்று குறித்திருந்தால் மூன்றாவது ரீலின் இரண்டாவது துண்டு என்று பொருள்.

அதன்பின் நேரக் கணக்கு வருகிறது. திரைப்படம் வினாடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள், அதாவது தனித்தனிப் படங்கள்) வீதம் ஓடுகிறது. ஒரு காட்சி தொடங்கிய 176ஆவது சட்டத்தில், அதாவது ஏழு வினாடிக்குச் சற்று மேல், ஒரு கதவு திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் இசையில் ஒரு புதிய தாளச் சுற்று பிறக்க வேண்டும். தாளத்தின் ஒவ்வொரு தட்டுக்கும் 12 சட்டங்கள் கொடுத்தால் நிமிடத்துக்கு 120 தட்டுகள் வரும், ஆனால் கதவு இரண்டு தட்டுகளுக்கு நடுவில் விழுந்துவிடும். ஒரு தட்டுக்கு 11 சட்டங்கள் என்று வைத்தால் நடை சற்று விரைவாகி, 176 சட்டங்களில் சரியாக 16 தட்டுகள் முடிகின்றன. நான்கு தட்டுகள் கொண்ட நான்கு சுற்றுகள் நிறைவடைந்து, ஐந்தாவது சுற்றின் முதல் தட்டு கதவின் மேல் விழுகிறது. இன்று கணினி இந்தக் கணக்கை நொடியில் போட்டுத் தருகிறது. அன்று அச்சிட்ட அட்டவணைகளையும் ஸ்டாப் வாட்சையும் வைத்துக்கொண்டு போட்டார்கள். எல்லா இடத்திலும் இப்படித் துல்லியமாகப் பொருத்துவது நல்ல இசையும் ஆகாது. நடிகர் படியில் இறங்கும் ஒவ்வொரு அடிக்கும் இசை தட்டிக்கொண்டே வந்தால் அது கார்ட்டூன் படம்போல் ஆகிவிடும். எதைப் பொருத்துவது, எதைத் தாண்டிப் போவது என்பதும் முடிவுதான்.

எழுதிய இசையை எந்தக் கருவி எந்த வரியை வாசிக்க வேண்டும் என்று விரித்து எழுதுவது அடுத்த படி. ஹாலிவுட்டில் காலநெருக்கடி காரணமாக இசையமைப்பாளர் சுருக்கமாக எழுதித் தருவார். விரித்து எழுத வேறொருவர் இருப்பார். ஹெர்மன் இதை ஒருபோதும் பிறரிடம் விட்டதில்லை. கருவியின் நிறம் வேறு, இசை வேறு என்று அவர் நினைக்கவில்லை. பிறகு படியெடுப்பவர்கள் ஒவ்வொரு கலைஞருக்கும் அவரவர் வாசிக்க வேண்டிய பகுதியை மட்டும் தனித்தாளில் எழுதித் தருவார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் படம் திரையில் ஓட, இசைக்குழு வாசிக்கும், நடத்துநர் இரண்டையும் பார்த்துக்கொண்டிருப்பார். முக்கியமான கணம் நெருங்குவதைக் காட்டப் படச்சுருளில் சாய்வாக ஒரு கோட்டைக் கீறியிருப்பார்கள். திரையில் அது இடமிருந்து வலமாக நகர்ந்து செல்லும், முடியும் இடத்தில் துளையிட்டிருப்பதால் வெள்ளையாக ஒரு மின்னல் அடிக்கும். அந்த மின்னலும் நடத்துநரின் கை காட்டும் தட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். தன் இசையைத் தானே நடத்துவதில் பிடிவாதம் கொண்டிருந்த ஹெர்மனுக்கு 1958இல் ‘வெர்டிகோ’ படத்தின்போது அது வாய்க்கவில்லை: அமெரிக்காவில் இசைக்கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் ஒலிப்பதிவு லண்டனிலும் வியன்னாவிலும், மியூர் மாதீசன் என்ற வேறொரு நடத்துநரின் கீழ் நடந்தது. கடைசிப் படி ஒலிக்கலவை. வசனம், காலடி, மழை, கார் ஓசை ஆகியவற்றோடு இசையையும் சேர்த்து அளவு வைக்கும் அந்த மேசையில், பல நாள் உழைத்து எழுதிய வரி ஒன்று கார் ஓசையில் காணாமல்போவது சாதாரணம். எனவே வசனம் வரும் இடத்தில் மனிதக் குரலோடு போட்டியிடாத ஸ்தாயியிலும் கருவியிலும் எழுதத் தெரிவது இந்தத் தொழிலின் அடிப்படைத் திறமை.

நமக்கு இசை என்றாலே மெட்டுதான். ஹெர்மனோ மெட்டு எழுதத் தெரிந்தும் பெரும்பாலும் அதைத் தவிர்த்தார். அவருடைய வாதம் இதுதான்: ஒரு முழு மெட்டு எட்டு அல்லது பதினாறு சுற்றுகள் ஓடி முடிந்தால்தான் காதுக்கு நிறைவு கிடைக்கும். தொடங்கியதை முடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இசையமைப்பாளருக்கு வந்துவிடுகிறது. காட்சியோ அதற்குள் மாறிவிடுகிறது. மூன்று நான்கு ஸ்வரங்கள் கொண்ட சிறு தொடர் என்றால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், திருப்பலாம், மேலே ஏற்றலாம், கருவியை மாற்றலாம். செங்கற்களை அடுக்குவதுபோல அவற்றை அடுக்கி எந்த நீளத்துக்கும் சுவர் எழுப்பலாம். மேலும், தீர்வுக்கு வராமல் சுழன்றுகொண்டே இருக்கும் ஒரு சிறு தொடர் கேட்பவரை அமைதியிழக்கச் செய்கிறது. திகில் படங்களுக்கு இதைவிட ஏற்ற கருவி கிடையாது.

கருவித் தேர்வில் அவர் காட்டிய துணிச்சலுக்கு 1951இல் வந்த ‘தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’ ஒரு சான்று. வேற்றுக் கிரகத்திலிருந்து ஒரு விண்கலம் வாஷிங்டனில் இறங்கும் கதை. வழக்கமான வயலின் கூட்டத்தை அவர் முழுவதுமாக விலக்கிவிட்டு, மின்சார வயலின், மின்சார செல்லோ, ஆர்கன்கள், பித்தளை ஊதுகருவிகள், இவற்றோடு இரண்டு தெரெமின்களை வைத்துக்கொண்டார். தெரெமின் என்பது தொடாமல் வாசிக்கும் மின்னணுக் கருவி. அதன் ஆன்டெனாக்களுக்கு அருகே கைகளை நகர்த்தினால் ஸ்வரமும் ஒலியளவும் மாறும். மனிதக் குரல்போலவும் மனிதக் குரல் அல்லாததுபோலவும் ஒலிக்கும் அதன் நடுக்கத்தைக் கேட்டால், வந்திருப்பவன் நம்மில் ஒருவனல்ல என்பது ஒரு வசனமும் இல்லாமல் புரிந்துவிடுகிறது.

ஆனால் கருவித் தேர்வு என்றால் என்ன என்று ஒருவருக்கு ஒரே ஒரு படத்தைக் காட்டி விளக்க வேண்டுமென்றால் நான் 1960இல் வந்த ‘சைக்கோ’வைத்தான் காட்டுவேன். இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் அதைக் குறைந்த செலவில், கருப்பு வெள்ளையில் எடுத்தார். படத்தில் நிறம் இல்லை, இசையிலும் ஒரே நிறம்தான் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்த ஹெர்மன், புல்லாங்குழல், கொம்பு, முரசு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ் ஆகிய நரம்புக் கருவிகளை மட்டும் வைத்து முழுப் படத்துக்கும் எழுதினார். அதுவரை திகில் படங்களில் பித்தளைக் கருவிகளின் அதிரடியும் முரசின் இடியும்தான் பயத்தை உண்டாக்கும் வழி. வயலின் கூட்டமோ காதல் காட்சிக்கு உரியது. அந்தக் காதல் கருவிகளையே அவர் கத்தியாக்கினார்.

அந்தப் படத்தில் குளியலறைக் கொலையைவிட முன்னதாக வரும் ஒரு காட்சி தொடக்கநிலையாளருக்கு அதிகம் கற்றுத்தரும். பணத்தைத் திருடிக்கொண்டு ஒரு பெண் தனியாகக் கார் ஓட்டிச் செல்கிறாள். திரையில் அவளுடைய முகமும், முன்கண்ணாடியும், மழையும் மட்டுமே இருக்கின்றன. படத்தின் பெயர்கள் ஓடும்போது கேட்ட, மூச்சுவிடாமல் விரட்டும் அதே நரம்பிசை இங்கே திரும்பி வருகிறது. ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தால் ஒரு பெண் மழையில் கார் ஓட்டுகிறாள், அவ்வளவுதான். வீட்டுக்குப் போகிறாள் என்றுகூட நினைத்துக்கொள்ளலாம். ஒலியோடு பார்த்தால் அவளுக்கு ஏதோ நேரப்போகிறது என்ற உறுதி நமக்கு ஏற்பட்டுவிடுகிறது.

குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று ஹிட்ச்காக் முதலில் சொல்லியிருந்தார். தண்ணீர்ச் சத்தமும் அலறலும் போதும் என்பது அவர் எண்ணம். ஹெர்மன் அதை மீறி எழுதி வந்து போட்டுக்காட்டினார், ஹிட்ச்காக் மனம் மாறினார். இசையை உற்றுக் கேட்டால் அதில் மெட்டு என்று எதுவுமில்லை. வயலின்கள் மிக உயர்ந்த ஸ்தாயியில் ஒரே ஸ்வரத்தைக் குரூரமாகத் திரும்பத் திரும்ப இழுக்கின்றன. அதனோடு ஒட்டாமல் உரசும் ஸ்வரங்களை மற்ற நரம்புக் கருவிகள் ஒவ்வொரு பகுதியாகக் கீழ் கீழாகச் சேர்த்துக்கொண்டே வருகின்றன. படத்தின் பிற பகுதிகளில் பெரும்பாலும் ‘மியூட்’ என்னும் ஒலிதடுப்பானைப் பொருத்தி வாசித்த கருவிகள், இங்கே அதைக் கழற்றிவிட்டு வாசிக்கின்றன. அதுவரை அடக்கி வைத்த ஒலி திடீரென்று நிர்வாணமாக வெளிப்படுகிறது. கொலை முடிந்து அந்தப் பெண் சுவரோடு சரியும்போது, உயரத்தில் இருந்த இசை தாழ்ந்த ஸ்தாயிக்கு இறங்கித் தடுமாறி நின்றுவிடுகிறது. அதன்பின் ஓடும் தண்ணீரின் சத்தம் மட்டும்.

இசையில்லாமல் விடுவதும் இசையமைப்பாளரின் வேலை என்பதை ஹிட்ச்காக்கின் 1963ஆம் ஆண்டுப் படமான ‘தி பேர்ட்ஸ்’ நிரூபிக்கிறது. அதில் பின்னணி இசை அறவே இல்லை. பறவைகளின் கத்தலும் சிறகடிப்பும் ட்ராட்டோனியம் என்ற மின்னணுக் கருவியில் செயற்கையாக உருவாக்கப்பட்டன. ஹெர்மன் அப்படத்தில் ஒலி ஆலோசகராகப் பணியாற்றினார். ஒரு துண்டு இசைகூட எழுதாத படத்துக்கு ஓர் இசையமைப்பாளர் எதற்கு என்று கேட்கத் தோன்றும். பறவைகள் எப்போது கத்த வேண்டும், எப்போது திடீரென அடங்க வேண்டும் என்பதற்கு இசைக்குத் தேவையான அதே காது தேவைப்படுகிறது.

தொலைக்காட்சி இதே வேலையை நெருக்கடியில் செய்யச் சொல்கிறது. வாராவாரம் ஒரு கதை, குறைந்த பணம், சில நாட்களே அவகாசம். அதற்கு இரண்டு தீர்வுகள் இருந்தன. ஒன்று, இசைக் கிடங்கு: பயம், பயணம், பாலைவனம், விண்வெளி என்று மனநிலை வாரியாக முன்கூட்டியே இசையைப் பதிவுசெய்து வைத்து, வேண்டிய கதைக்கு வேண்டிய துண்டை எடுத்துப் பொருத்துவது. சிபிஎஸ் தொலைக்காட்சியின் கிடங்குக்கு ஹெர்மன் இப்படிப் பல தொகுப்புகளை எழுதித் தந்தார். ‘தி ட்விலைட் ஸோன்’ என்ற புகழ்பெற்ற தொடரின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1959இல் தொடங்கிய அத்தொடரின் முதல் பருவத்துக்கு முகப்பிசை எழுதியவர் ஹெர்மன். இன்று எல்லோருக்கும் தெரிந்த, கிட்டாரில் நான்கு ஸ்வரங்கள் திரும்பத் திரும்ப வரும் முகப்பிசை அவருடையதல்ல. பிரான்சில் வாழ்ந்த மாரியுஸ் கான்ஸ்டன்ட் சிபிஎஸ் கிடங்குக்காக எழுதிய இரண்டு வெவ்வேறு துண்டுகளை ஒட்டி, இரண்டாம் பருவத்திலிருந்து முகப்பிசையாக்கினார்கள். உலகம் முழுவதும் தெரிந்த ஓர் இசை, அந்தத் தொடரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதே அல்ல!

இரண்டாவது தீர்வு, சிறிய இசைக்குழு. பணம் இல்லாததால் ஆட்களைக் குறைக்க வேண்டியிருந்தது. ஆனால் ஹெர்மனின் கையில் அந்தக் குறைவே தனித்தன்மையாக மாறியது. அதே தொடரில், நடுவயது மனிதன் ஒருவன் தன் சிறுவயது ஊருக்குத் திரும்பிப்போகும் ‘வாக்கிங் டிஸ்டன்ஸ்’ என்ற கதைக்கு நரம்புக் கருவிகளையும் ஹார்ப்பையும் மட்டும் வைத்து எழுதினார். அரை மணி நேரத் தொலைக்காட்சிக் கதைக்கு எழுதிய அந்த இசை, அவர் பெரிய படங்களுக்கு எழுதியவற்றுக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல என்று உறுதியாகச் சொல்வேன். பேசும் பொம்மையைப் பற்றிய ‘லிவிங் டால்’ என்ற கதைக்கோ பாஸ் கிளாரினெட்டின் அடித்தொண்டை முனகலும், குழந்தைகளின் இசைப்பெட்டிபோல் ஒலிக்கும் செலஸ்டாவும், ஹார்ப்பும் போதுமாக இருந்தன. ஹிட்ச்காக்கின் ஒரு மணி நேரத் தொலைக்காட்சித் தொடருக்கும் 1963 முதல் 1965 வரை 17 பகுதிகளுக்கு இசையமைத்தார்.

இவ்வளவு திறமை இருந்தும் இந்தத் தொழிலில் கடைசி முடிவு இசையமைப்பாளருடையது அல்ல என்பதை மறைக்கக் கூடாது. 1966இல் ‘டார்ன் கர்ட்டன்’ படத்துக்கு, காலத்துக்கேற்ற இலகுவான இசை வேண்டும் என்று ஹிட்ச்காக் கேட்டார். விற்பனையாகும் பாடல்களைத் தயாரிப்பு நிறுவனங்கள் எதிர்பார்க்கத் தொடங்கியிருந்த காலம் அது. ஹெர்மன் எழுதிவந்ததோ 12 புல்லாங்குழல்கள், 16 ஹார்ன்கள், 9 டிராம்போன்கள் கொண்ட, வயலின்களே இல்லாத கனத்த இசை. இசை வேண்டாம் என்று சொல்லப்பட்டிருந்த ஒரு கொலைக் காட்சிக்கும் ‘சைக்கோ’வில் செய்ததுபோலவே எழுதியிருந்தார். ஒலிப்பதிவின் நடுவில் வந்து கேட்ட ஹிட்ச்காக் வேலையை நிறுத்தினார். வேறொரு இசையமைப்பாளரான ஜான் ஆடிசன் அமர்த்தப்பட்டார். 1955இல் தொடங்கிய அவர்களுடைய கூட்டு அன்றோடு முறிந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு படத்தை உயர்த்திய அதே மீறல், இப்போது வேலையைப் பறித்தது. யார் பக்கம் நியாயம் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. படம் இயக்குநருடையது, அவர் கேட்டதைத் தராதவரை அனுப்பிவிட அவருக்கு உரிமை உண்டு. ஆனால் ஒரு காட்சிக்கு என்ன தேவை என்பதைத் தன் காதால் கேட்டுச் சொல்வதற்காகத்தானே இசையமைப்பாளர் அழைக்கப்படுகிறார்!

இன்று இந்த உரசல் வேறு வடிவம் எடுத்திருக்கிறது. படத்தொகுப்பின்போதே வேறு படங்களின் இசையைத் தற்காலிகமாகப் பொருத்திப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பல வாரங்கள் அதைக் கேட்டுப் பழகிய இயக்குநருக்கு வேறெதுவும் பொருந்தாததாகத் தோன்றும்; கடைசியில் இசையமைப்பாளரிடம் கேட்கப்படுவது, அந்தத் தற்காலிக இசையைப் போன்றே ஆனால் அதுவாக இல்லாத ஒன்று. ஒன்றுபோலவே ஒலிக்கும் பல பின்னணி இசைகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஹெர்மனின் தனிவாழ்க்கை சுமுகமானதல்ல. கடுஞ்சொல்லும் முன்கோபமும் கொண்டவர் என்று பெயர் பெற்றிருந்தார். திரையிசையமைப்பாளராக மட்டும் அறியப்படுவதை அவர் விரும்பவில்லை. அரங்க நடத்துநராகவும் தீவிர இசை எழுதுபவராகவும் மதிக்கப்பட விரும்பினார். 1943 முதல் 1951 வரை எழுதிய ‘வதரிங் ஹைட்ஸ்’ ஓபரா அவர் உயிரோடு இருந்தவரை மேடையேறவில்லை. இறுதி ஆண்டுகளை லண்டனில் கழித்த அவரை, அவர் இசையைக் கேட்டு வளர்ந்த இளம் இயக்குநர்கள் தேடி வந்தார்கள். அவர்களில் ஒருவரான மார்ட்டின் ஸ்கோர்செஸியின் ‘டாக்சி டிரைவர்’ படத்துக்காக லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ஒலிப்பதிவை முடித்துவிட்டு உறங்கப்போனவர், 1975 டிசம்பர் 24 அதிகாலையில் காலமானார். 1941ஆம் ஆண்டுப் படமான ‘ஆல் தட் மணி கேன் பை’க்குக் கிடைத்த ஆஸ்கர் விருதுதான் அவர் பெற்ற ஒரே ஆஸ்கர்.

பின்னணி இசையைக் கவனித்துக் கேட்கப் பழக விரும்புபவர்கள், நன்கு பழகிய ஒரு படத்தின் ஐந்து நிமிடக் காட்சியை எடுத்துக்கொண்டு, முதலில் இசை எந்த வசனத்துக்குப் பின் நுழைகிறது, எந்த அசைவோடு நிற்கிறது என்பதை மட்டும் ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். அடுத்த முறை எந்தக் கருவி முன்னால் நிற்கிறது என்று கேளுங்கள். கருவியின் பெயர் தெரியாவிட்டால் ஊதுவதா, இழுப்பதா, தட்டுவதா, மின்னணு ஒலியா என்று பிரித்தால் போதும். மூன்றாவது முறை ஒலியை நிறுத்திவிட்டுக் காட்சியை மட்டும் பாருங்கள். பிறகு அதே இசையமைப்பாளர் வேறோர் இயக்குநரோடு செய்த படத்தில் இதையே திரும்பச் செய்யுங்கள். எந்தப் பழக்கம் இசையமைப்பாளருடையது, எது இயக்குநர் கேட்டு வாங்கியது என்பது அப்போது பிரிந்து தெரியத் தொடங்கும்.